இலையைப் பார்த்து தண்ணீர் ஊற்றாதீங்க!



வீட்டுக்குப் பின்னால் நாலடி இடம் இருந்தால் போதும், கத்தரி, வெண்டை, தக்காளி என்று ஏதாவது வைத்து விடுகிறோம். அவை காய்த்தாலும் கண்ணுக்குத் தெரியும், காய்க்காவிட்டாலும் தெரியும். ஆனால் முள்ளங்கி, பீட்ரூட், கேரட், சிறுகிழங்கு, சேனை இதெல்லாம் அப்படி இல்லை. மேலே இலை தளதளவென்று நிற்கும். தோண்டிப் பார்க்கிற அன்றைக்குத்தான் உள்ளே இருக்கும் வண்டவாளம் தெரியும். இரண்டு வருஷம் அப்படி ஏமாந்து, மூன்றாம் வருஷம் பாடம் படித்தவள் நான். என்னைப் போல் நீங்களும் ஏமாறக் கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

எங்கள் ஊர் திருநெல்வேலி பக்கம். எங்களுக்கு சிறுகிழங்கு இல்லாமல் பொங்கல் கிடையாது. கல்யாணமாகிப் போன பெண் பிள்ளைகளுக்கு பிறந்த வீட்டிலிருந்து பொங்கல்படி கொடுப்பது வழக்கம். அரிசி, வெல்லம், கரும்பு, மஞ்சள்குலையோடு கிழங்கு வகைகளும் போகும். என் மாமியார் தன் 2 மகள்களுக்கும் கொடுக்கிற படியில் எதைக் கடையில் வாங்கினாலும் சிறுகிழங்கை மட்டும் வாங்கியதே இல்லை. புறவாசலில் தானே போட்டு, தானே தோண்டியதைத்தான் கொடுப்பார்.

2022ல் அத்தைக்கு முழங்கால் வலி அதிகமாகி, குனிந்து நிமிர முடியாமல் போய் விட்டது. "இந்த வருஷம் நீ பாத்துக்கோ" என்று தோட்டத்தை என் கையில் கொடுத்தார். எனக்கு பெருமை தாங்கவில்லை. நல்லபடியாகச் செய்து காட்ட வேண்டும் என்று காலையிலும் மாலையிலும் ரப்பர் குழாயைப் பாத்தியில் போட்டு விட்டு, மற்ற வேலைகளைப் பார்க்கப் போய் விடுவேன். கொடி காடு மாதிரி வளர்ந்தது. பார்க்கிறவர்கள் எல்லாம் பாராட்டினார்கள். அத்தை மட்டும் திண்ணையில் இருந்தபடியே, "என்னட்டி, செடிக்கு தண்ணி ஊத்துதியா, குளிப்பாட்டுதியா?" என்று கேட்டார். எனக்கு சுருக்கென்று இருந்தது. வயசானவங்க அப்படித்தான் ஏதாவது சொல்வாங்க என்று விட்டு விட்டேன்.

மார்கழி கடைசியில் தோண்டினால், ஒரு பாத்திக்கு ஒரு கை கிழங்கு கூட இல்லை. இருந்ததும் கோலிக்குண்டு அளவுதான். அந்த 2023 பொங்கலுக்கு முதல் முறையாக எங்கள் வீட்டுப் படியில் சந்தைக் கிழங்கு போனது. பெரிய மதினி போனில், "என்னம்மா, இது நம்ம வீட்டுக் கிழங்கு மாதிரி இல்லையே?" என்று கேட்டிருக்கிறார். அத்தை, "ஆமா, இந்த வருஷம் மண்ணு சரியில்ல" என்று சொல்லிவிட்டு போனை வைத்தார். என்னைக் காட்டிக் கொடுக்கவில்லை. நாலு வார்த்தை திட்டியிருந்தால் கூட எனக்கு மனசு ஆறியிருக்கும்.

மறு வருஷம் தண்ணீரைக் குறைத்தேன். செடி நன்றாகவே வந்தது. ஆனால் பாத்தியை தரை மட்டத்திலேயே போட்டிருந்தேன். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் எங்கள் தென் மாவட்டங்களில் கொட்டிய மழையை யாரும் மறந்திருக்க முடியாது. எங்கள் புறவாசலில் 3 நாள் தண்ணீர் வடியவில்லை. வடிந்த பிறகு தோண்டினால் கிழங்கு எல்லாம் கொழகொழவென்று அழுகி, நாற்றம் தாங்க முடியவில்லை. ஊரில் வீடு வாசலையே இழந்தவர்கள் இருக்கும்போது கிழங்குக்காக அழ முடியுமா? மனசை தேற்றிக் கொண்டேன். ஆனாலும் 2 பொங்கல் இப்படிப் போனது உறுத்திக் கொண்டே இருந்தது.

அதற்குப் பிறகு அத்தையின் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் கேட்டுக் கேட்டுச் செய்தேன். அதைத்தான் உங்களுக்கும் சொல்கிறேன்.

முதலில், தண்ணீர் அதிகமானால் ஏன் கிழங்கு வைக்காது? நம்மைப் போல வேருக்கும் மூச்சு வேண்டும். மண்ணின் சந்துகளில் எப்போதும் தண்ணீரே நின்றால் காற்றுக்கு இடமில்லை. வேர் திணறும், அழுகும். அழுகாவிட்டாலும் செடி இலையும் கொடியுமாகவே வளர்ந்து கொண்டு போகும், கிழங்கு பருக்காது.

அதற்காக காயப் போடவும் கூடாது. எங்கள் பக்கத்து வீட்டு அக்கா எனக்கு நேர் எதிர். முள்ளங்கியை 4, 5 நாள் மறந்து விடுவார். பிறகு ஞாபகம் வந்து குளம் கட்டி விடுவார். அவர் வீட்டு முள்ளங்கியில் பாதிக்கு மேல் நெடுக வெடித்திருக்கும். காய்ச்சலில் மேல்தோல் இறுகி விடுகிறது. அப்புறம் திடீரென்று தண்ணீர் கிடைத்ததும் உள்சதை வேகமாகப் பருக்கிறது, தோல் தாங்காமல் வெடிக்கிறது. வெடிக்காததும் காரமாகவும் நாராகவும் இருக்கும். ஆக, கிழங்குக்கு வேண்டியது நிறைய தண்ணீரும் இல்லை, கொஞ்ச தண்ணீரும் இல்லை. ஒரே சீரான ஈரம்.

அந்த ஈரத்தை எப்படித் தெரிந்து கொள்வது? இலையைப் பார்க்கக் கூடாது. மத்தியான வெயிலில் நல்ல ஈரம் இருந்தாலும் இலை துவளும், சாயங்காலம் தானே நிமிரும். அதைப் பார்த்து பதறி நான் ஊற்றிய தண்ணீர் கொஞ்ச நஞ்சமல்ல. மேல் மண் வெளுத்திருக்கிறதே என்றும் ஊற்றக் கூடாது. ஆள்காட்டி விரலை 2 கணு ஆழத்துக்கு மண்ணுக்குள் விடுங்கள். விரல் நுனிக்கு குளிர்ச்சி தெரிந்து மண் ஒட்டினால் இன்றைக்குத் தண்ணீர் வேண்டாம். பொடிப்பொடியாக உதிர்ந்தால் ஊற்றுங்கள்.

இன்னும் சந்தேகம் இருந்தால், அரைச் சாண் ஆழத்திலிருந்து ஒரு பிடி மண் எடுத்து கையில் பிடித்துப் பாருங்கள். உருண்டை பிடித்து, விரலால் தட்டினதும் உடைந்தால் சரியான பதம், நம்ம புட்டு மாவு பதம் மாதிரி. பிடிக்கும்போதே தண்ணீர் கசிந்தால் அதிகம். பிடிக்கவே வராவிட்டால் காய்ந்து விட்டது. புட்டு மாவுக்கு பதம் பார்க்கத் தெரிந்த நமக்கு இது ஒரு பெரிய விஷயமா?

அளவு எவ்வளவு என்று கேட்பீர்கள். எங்கள் முள்ளங்கிப் பாத்தி 6 அடி நீளம், 3 அடி அகலம். செம்மண். பனிக்காலத்தில் வாரத்துக்கு 2 தடவை, தடவைக்கு 15 லிட்டர் குடத்தில் 2 குடம் ஊற்றுகிறேன். மணல் பாங்கான மண்ணில் ஈரம் நிற்காது, அங்கே அதே தண்ணீரைப் பிரித்து 3, 4 தடவையாக ஊற்ற வேண்டும். கரிசலில் ஈரம் நெடுநாள் நிற்கும், இடைவெளி விட்டு ஊற்றலாம். வெயில் காலத்தில் கூடுதலாக வேண்டும். எதற்கும் விரல்தான் கணக்கு.

தினமும் மேலாகத் தெளிப்பதை விட, ஊற்றும்போது ஒரு சாண் ஆழம் ஊறும்படி நிதானமாக ஊற்றுவதே நல்லது. தெளித்துக் கொண்டே இருந்தால் மேலே ஒரு அங்குலம்தான் நனையும். மேலேயே கிடைக்கும்போது வேர் ஏன் கீழே போகப் போகிறது? ஆனால் விதை போட்டு முளைக்கும் வரை மட்டும் வேறு கணக்கு. அப்போது மேல்மண் காயவே கூடாது. பூவாளியால் மெதுவாகத் தெளிக்க வேண்டும். வாளியோடு சாய்த்தால் விதை எல்லாம் ஒரு மூலைக்குப் போய்ச் சேர்ந்து விடும். கேரட் முளைக்க ஒரு வாரத்துக்கு மேல் ஆகும். அதுவரை ஈரச் சாக்கை பாத்தி மேல் விரித்து வைத்து, முளை தெரிந்த உடனே எடுத்து விடுவேன்.

காலையில் வெயில் ஏறுமுன் ஊற்றுவது உத்தமம். ராத்திரி முழுக்க இலை நனைந்திருந்தால் இலைப்புள்ளி நோய் வரும். அதனால் இலை மேல் ஊற்றாமல் தூரில் ஊற்றுங்கள். தண்ணீர் விழுந்து விழுந்து மண் அரித்து, கேரட், பீட்ரூட் இவற்றின் தலை வெளியே தெரியும். வெயில் பட்டால் கேரட்டின் தலை பச்சையாகி கசக்கும். அவ்வப்போது மண்ணை அணைத்து விடுங்கள். செடிகளுக்கு நடுவே காய்ந்த சருகு, வைக்கோல், தேங்காய் நார் எது கிடைக்கிறதோ அதைப் பரப்பினால் ஈரம் சீக்கிரம் போகாது. தூரை ஒட்டி மட்டும் குவிக்காதீர்கள்.

எல்லா கிழங்குக்கும் ஒரே மாதிரி ஊற்றவும் கூடாது. சேப்பங்கிழங்கு தண்ணீர்ப் பிரியன். அரிசி, காய்கறி கழுவுகிற தண்ணீர் போகிற வழியிலேயே வைக்கலாம். சேனைக்கு அதே தண்ணீர் விஷம், அழுகி விடும். சர்க்கரைவள்ளிக்கு கொடி வேர் பிடிக்கும் வரை ஈரம் வேண்டும், அப்புறம் அளவாகப் போதும். கொடி ஈர மண்ணில் படர்ந்த இடமெல்லாம் கணுவில் வேர் விட்டு விடும், சத்து சிதறி சுண்டு விரல் கிழங்காகப் போய் விடும். அதனால் மாதம் ஒரு தடவை கொடியைத் தூக்கிப் புரட்டி விட வேண்டும். சோப்புத் தண்ணீரை எந்தக் கிழங்குக்கும் விடாதீர்கள். பச்சையாகச் சாப்பிடுகிற முள்ளங்கி, கேரட்டுக்கு சுத்தமான தண்ணீர்தான் விட வேண்டும்.

இப்போது சிறுகிழங்குக்கு வருகிறேன். விதைக் கிழங்கை ஓரிடத்தில் முளைக்க விட்டு, கொடி வந்ததும் நுனியை ஒரு சாண் நீளம் கிள்ளி ஆவணியில் நட்டேன். இந்த முறை தரையில் இல்லை. ஒரு அடி உயரத்துக்கு மேட்டுப் பார் கட்டி, பாருக்குப் பாரு நடுவே வாய்க்கால் வெட்டி, கடைசி வாய்க்காலை தெருப் பக்கம் வடிய விட்டேன். நட்டு ஒன்றரை மாதத்தில் களை எடுத்து, கொடியின் அடிப்பாகம் மூடும்படி மண் அணைத்தேன். மண்ணுக்குள் போகிற கணுவில்தான் கிழங்கு வைக்கும் என்று அத்தை சொன்னார். முதல் வருஷம் நான் இதைச் செய்யவே இல்லை. தண்ணீர் ஊற்றினாலே போதும் என்று நினைத்து விட்டேன். மழை பெய்த வாரம் குழாயைத் தொடவே இல்லை.

2024 டிசம்பர் நடுவில் மறுபடியும் பெருமழை. ராத்திரி எனக்கு தூக்கமே இல்லை. விடிந்ததும் குடையோடு போய்ப் பார்த்தேன். வாய்க்காலில் முழங்காலுக்குக் கீழ் தண்ணீர் ஓடிக் கொண்டிருந்தது, பார் தலை மட்டும் தீவு மாதிரி தெரிந்தது. அடைத்திருந்த சருகை மண்வெட்டியால் இழுத்து விட்டதும் மத்தியானத்துக்குள் வடிந்து விட்டது. அதற்குப் பிறகு ஒரு சொட்டு தண்ணீர் விடவில்லை. கொடி பழுத்து வாட ஆரம்பித்ததும் கிழங்குக்குத் தண்ணீரை நிறுத்தி விட வேண்டும். நிறுத்தினால்தான் தோல் முற்றி, எடுத்து வைத்தாலும் கெடாமல் இருக்கும்.

பொங்கலுக்கு 4 நாள் முன்பு தோண்டினோம். அத்தை முக்காலி போட்டு பக்கத்தில் உட்கார்ந்து கொண்டார். முதல் தூரைப் புரட்டியதும் கொத்தாக வந்தது. எனக்கு கண் கலங்கி விட்டது. அத்தை ஒன்றும் பேசாமல் ஒரு கிழங்கை எடுத்து மண்ணைத் துடைத்து, நகத்தால் கீறி மோந்து பார்த்தார். 2 மதினிகளுக்கும் ஆளுக்கொரு கூடை நிறைய போட்டுக் கட்டினோம். பாராட்டி ஏதாவது சொல்வார் என்று பார்த்தேன். "விதைக்கு எடுத்து வச்சியா?" என்று மட்டும்தான் கேட்டார்.

அடுத்த வருஷமும் தோட்டம் என் கையில்தான் என்று அர்த்தம். அது போதும் எனக்கு.

சகோதரிகளே, அளவுக்கு மிஞ்சினால் அமுதமும் நஞ்சு என்பது தண்ணீருக்கும் பொருந்தும். நாளைக்கு காலையில் குடத்தைத் தூக்குவதற்கு முன்னால், ஒரு தடவை மண்ணுக்குள் விரலை விட்டுப் பாருங்கள்.

- ஒரு வாசகி, திருநெல்வேலி மாவட்டம்.