பத்து வெள்ளித் தவணையும் ஒரு தோட்டமும்

பத்தாங் பெர்ஜுந்தை வட்டாரத்தில் மேரி, நைகல் கார்ட்னர், சுங்கை திங்கி, மின்யாக், புக்கிட் தாகார் ஆகிய 5 தோட்டங்களின் குடும்பங்கள் சொந்த வீட்டுக்காகப் பல்லாண்டு போராடியதை ரவாங், கோலசிலாங்கூர் மக்கள் நன்கறிவார்கள். தோட்டம் கைமாறினால் வேலையும் வீடும் ஒன்றாகப் போய்விடும் என்ற அச்சம் நம் பாட்டன் காலத்தது. அதற்கு 1960-லேயே ஒரு வழி சொன்னவர் துன் வீ. தி. சம்பந்தன்.

1919-ல் சுங்கை சிப்புட்டில் பிறந்து, அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் படித்தவர். 1955-ல் ம.இ.கா. தலைவரானார், 1973 வரை அந்தப் பொறுப்பில் இருந்தார். தொழிலாளர், சுகாதாரம், பொதுப்பணி எனப் பல அமைச்சுகளைப் பார்த்தார். ஆனால் தீம்பார் மக்கள் அவரை நினைப்பது பதவிகளுக்காக அல்ல.

சுதந்திரத்தை ஒட்டி வெள்ளைக்காரக் கம்பெனிகள் பல, தோட்டங்களை விற்றுவிட்டுக் கிளம்பின. வாங்கியவர்களில் பலர் அவற்றைச் சிறு துண்டுகளாக்கி விற்றார்கள். பேராசிரியர் உங்கு அசிஸ் விரிவாக ஆராய்ந்த 'தோட்டத் துண்டாடல்' இதுதான். விடியுமுன் பெரட்டில் நின்று, மங்கு மங்காகப் பால் சேர்த்த குடும்பத்துக்கு லயமும் இல்லை, பிள்ளைக்குத் தோட்டப் பள்ளியும் இல்லை. குலசாமி கோயில்கூட அடுத்தவர் நிலத்தில்.

நிலத்தைப் பிரிப்பது எல்லா நாட்டிலும் ஏழைக்குக் கேடாகவில்லை. ஹங்கேரியில் குடியானவராகப் பிறந்து அமைச்சரான நாட்யாடாடி சபோ இஷ்ட்வான், 1920-ல் பெருநிலங்களைப் பிரித்துக் கொடுக்கும் சட்டத்துக்கு முன்னின்றார். அங்கே ஏழைக்கு நியாயம் நிலத்தைப் பிரிப்பதில் இருந்தது. இங்கே பிரித்ததுதான் ஏழையின் வயிற்றில் அடித்தது. ஆகவே சம்பந்தன் நேர் எதிர்த் திசையில் போனார்: நிலம் முழுசாக இருக்கட்டும், உரிமை தொழிலாளிக்கு வரட்டும்.

அப்படி 1960-ல் பிறந்ததே தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம். பங்கு 100 வெள்ளி. மாதம் 10 வெள்ளியாகக் கட்டலாம். அன்றைய கூலிக்கு அதுவே பாரம். அதனால் அவரே தோட்டம் தோட்டமாகப் போய்ப் பேசிப் பங்கு சேர்த்தார். அமைச்சர் ஒருவர் லயத்து வாசலுக்கு வந்து பத்து வெள்ளி கேட்டதும், தொழிலாளி நம்பிக் கொடுத்ததும் நம் அரசியலில் அபூர்வம். கெடாவின் புக்கிட் சிடிம் தோட்டம் சங்கத்தின் முதல் கொள்முதல். பின்னர் வேறு மாநிலங்களிலும் தோட்டங்கள் சேர்ந்தன.

சங்கத்தால் எல்லாத் தோட்டத்தையும் வாங்க முடியவில்லை. பெருந்தோட்டங்களில் பெரும்பகுதி கம்பெனிகளிடமே இருந்தது. அங்கே லயத்தில் குடியிருந்தவருக்கு வேலை இருக்கும்வரைதான் வீடு. சம்பந்தன் 1979-ல் மறைந்தார். பத்தாங் பெர்ஜுந்தைக் குடும்பங்கள் கேட்ட வீடு, அவர் எட்ட முடியாத அந்தப் பெரும்பகுதியின் பாக்கி.