சாலை ஏறுகிறது, வீடு இறங்குகிறது

சென்னையின் பழைய தெருக்களில் பல வீடுகளுக்கு இப்போது படி இறங்கிப் போக வேண்டியிருக்கிறது. கட்டிய காலத்தில் அதே வாசலுக்கு இரண்டு படி ஏறினார்கள். பழைய தாரைச் சுரண்டாமல் அதன் மேலேயே அடுக்கடுக்காகப் புதுத் தார் போட்டதில் தெரு மேலே போய்விட்டது.

மழை வந்தால் தெருத் தண்ணீர் நேரே கூடத்துக்கு வரும். வெளியே தேங்கிய நீரில் சாலையும் பெயரும். சாலை மோசம் என்று மனு கொடுக்கிறோம். இன்னோர் அடுக்கு விழுகிறது. வசதி உள்ளவர் இடித்துக் கட்டி மனையை மேடாக்குகிறார், அல்லது ஜாக்கி வைத்து வீட்டையே தூக்குகிறார். அங்கே நின்ற தண்ணீர் இப்போது பக்கத்து வீட்டுக்கு. அவர் என்ன செய்வார்? அவரும் மண் அடிப்பார். மனு கொடுத்தவர், நிதி வாங்கித் தந்த கவுன்சிலர், மேடாக்கியவர் என எல்லோர் செயலிலும் அவரவர் நியாயம் உண்டு. சுரண்டும் செலவை மிச்சம் பிடிக்கும் ஒப்பந்ததாரரை மட்டும் இந்த வரிசையில் சேர்க்க எனக்கு மனமில்லை.

விளைவே திரும்பி வந்து காரணத்தை வளர்ப்பதைப் பின்னூட்டச் சுழல் என்பார்கள், டொனெல்லா மெடோஸ் போன்ற அமைப்புச் சிந்தனையாளர்கள். ஆட்களை மாற்றினாலும் சுழல் ஓடும். அதை ஓரிடத்தில் அறுக்க வேண்டும். இங்கே அந்த இடம், தார் விழுவதற்கு முந்தைய சில நாட்கள்.

2021 மே மாதம் தமிழகத் தலைமைச் செயலாளர், பழைய பரப்பைச் சுரண்டிய பிறகே சாலை போட வேண்டும், மட்டம் உயரக் கூடாது என்று அறிவுறுத்தினார். நாமோ மாநகராட்சியின் 1913 எண்ணை மழைக்காலத்தில், முழங்கால் தண்ணீரில் நின்றுகொண்டு அழைக்கிறோம். அப்போது வருவது மோட்டார் பம்பு மட்டும்தான். ஜல்லி வந்து இறங்கும் நாளிலேயே அழையுங்கள். வாசற்படிக்கும் சாலைக்கும் உள்ள உயரத்தை டேப்பால் அளந்து, தேதி தெரியப் படம் எடுங்கள். வேலை முடிந்ததும் மறுபடி அளந்து பாருங்கள். உங்கள் பகுதி மக்களுக்கான ஏரியா சபை கூடினால் அந்தப் படங்களோடு போங்கள்.

2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் ஆவண நகலோடு நிற்பதில்லை. பணியை நேரில் பார்வையிடவும் பொருளின் மாதிரி பெறவும் உரிமை தருகிறது. 10 ரூபாய்க் கட்டணத்தில் ஒப்பந்த விவரத்தையும் பொறியாளர் வேலையை அளந்து எழுதும் எம்-புக் பக்கங்களையும் கேளுங்கள். எத்தனை மில்லிமீட்டர் சுரண்டியதாகக் கணக்கு எழுதிப் பணம் கொடுத்தார்கள் என்பதே முக்கியமான கேள்வி. 30 நாளில் பதில் வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு செய்யலாம்.

ஏற்கெனவே பள்ளத்தில் இருக்கும் வீட்டுக்காரர்கள் மின் மீட்டரை உயரத்துக்கு மாற்ற வாரியத்தில் மனு கொடுக்கட்டும். தண்ணீர் வாசலைத் தொடும் முன்பே மெயினை அணைத்துவிட வேண்டும். வெள்ளம் வடிந்தபின் நிலத்தடித் தொட்டியான சம்பைக் கழுவிக் குளோரின் போடாமல் அந்த நீரைப் புழங்கக் கூடாது. சாக்கடை நீர் அதில் கலந்திருக்கும்.