பத்து மணிக்குத் திரளும் கூட்டம்: நெரிசல்மிக்க இணையதளம் எவ்வாறு தாக்குப்பிடிக்கிறது?

திருமலை வேங்கடவனைத் தரிசிப்பதற்கான 300 ரூபாய் சிறப்பு நுழைவுச் சீட்டுகளைத் திருமலை திருப்பதி தேவஸ்தானம் மாதந்தோறும், முன்னரே அறிவித்த நாளில், குறித்த நேரத்தில் இணையத்தில் வெளியிடுகிறது. சித்தூரில் இருப்பவரும் சென்னையில் இருப்பவரும் சிங்கப்பூரில் இருப்பவரும் அந்த ஒரே நொடிக்காகக் காத்திருக்கின்றனர். நாள் முழுவதும் பரவி வரவேண்டிய கூட்டம் ஓரிரு நிமிடங்களில் வந்து மோதுகிறது. அந்த நேரத்தில் திரை உறைந்து நிற்பதையும், பணம் கழிந்தும் சீட்டு வராமல் போவதையும் நம் வாடிக்கையாளர்களில் பலர் கண்டிருப்பர். இதன் காரணத்தை அறிந்துகொண்டால் வீண் பதற்றமும் பண இழப்பும் குறையும்.

இத்தகைய தளத்தில் பொதுவாக மூன்று அடுக்குகள் உண்டு. முதலாவது, படங்களையும் பக்கங்களையும் தரும் அடுக்கு. இரண்டாவது, விதிகளைச் சரிபார்க்கும் செயலி அடுக்கு. மூன்றாவது, எந்த நாளில் எத்தனை இடம் மீதமுள்ளது என்ற கணக்கை வைத்திருக்கும் தரவுத்தளம். முதல் இரண்டையும் கூடுதல் சர்வர்களைச் சேர்த்து எளிதில் விரிவாக்கலாம். மூன்றாவதை அவ்வாறு பெருக்குவது கடினம். ஒரே இடத்தை இருவருக்கு விற்காமல் இருக்க வேண்டுமாயின், கணக்கு ஓரிடத்தில்தான் தீர்மானிக்கப்பட வேண்டும். ஆகவே, நெரிசல் பெரும்பாலும் தரவுத்தளத்தின் வாயிலில்தான் உருவாகிறது.

இந்த வாயிலுக்கு ஓர் அளவு உண்டு. பரவலாகப் பயன்படும் போஸ்ட்கிரெஸ் தரவுத்தளம் இயல்பு அமைப்பில் ஒரே சமயத்தில் 100 இணைப்புகளையும், மைஎஸ்கியூஎல் 151 இணைப்புகளையும் ஏற்கும். இதை ஓர் எளிய கணக்கால் விளங்கிக்கொள்ளலாம். 100 இணைப்புகள் உள்ளன என்றும், ஒவ்வொரு கோரிக்கையும் 50 மில்லிநொடியில் முடிகிறது என்றும் கொள்வோம். நொடிக்கு 2,000 கோரிக்கைகள் நிறைவேறும். ஒரு லட்சம் பேர் ஒன்றாக வந்தாலும் 50 நொடியில் அனைவருக்கும் விடை கிடைத்துவிடும். அதே கோரிக்கை 500 மில்லிநொடி எடுத்தால் நொடிக்கு 200 மட்டுமே முடியும். கடைசி மனிதர் எட்டு நிமிடங்களுக்கு மேல் காத்திருக்க நேரும். காத்திருப்பவர் சும்மா இருப்பதில்லை. பொறுமையிழந்து பக்கத்தை மீண்டும் மீண்டும் புதுப்பிக்கிறார். ஒருவரின் கோரிக்கை ஐந்தாகிறது. வரிசை மேலும் நீள்கிறது.

இணைப்புகளைப் பத்து மடங்காக்கினால் போதுமே என்று தோன்றலாம். கணினியின் செயலகங்களும் வட்டும் மாறாமல் இருக்க, இணைப்புகளை மட்டும் பெருக்கினால், அவை ஒன்றோடொன்று போட்டியிட்டு அனைத்துமே மெதுவாகும். ஆகவே, வல்லுநர்கள் முதலில் ஒவ்வொரு கோரிக்கைக்கும் ஆகும் நேரத்தைக் குறைக்கவே முயல்வர்.

அதற்கான முதல் வழி, அட்டவணைக் குறியீடு. ஒரு கோடி பதிவுகளில் ஒன்றைத் தேடும்போது குறியீடு இல்லையெனில் அனைத்தையும் புரட்ட வேண்டியிருக்கும். முறையாக வரிசைப்படுத்திய குறியீடு இருந்தால் சுமார் 24 ஒப்பீடுகளில் கிடைத்துவிடும். எந்தக் கேள்வி அதிக நேரம் எடுக்கிறது என்பதை ஊகிக்க வேண்டியதில்லை. மெதுவான கேள்விகளைத் தரவுத்தளமே பதிவுசெய்து தரும். முதலில் அந்தப் பதிவேட்டைப் படிப்பதே முறை.

இரண்டாவது வழி, தற்காலிக நினைவகம். எந்தெந்த நாள்களில் இடம் உள்ளது என்று காட்டும் நாட்காட்டியை ஒவ்வொருவருக்காகவும் தரவுத்தளத்திடம் கேட்க வேண்டியதில்லை. சில நொடிகளுக்கு ஒருமுறை கேட்டு, அந்த விடையை நினைவகத்தில் வைத்து அனைவருக்கும் காட்டலாம். பச்சை நிறத்தில் தெரிந்த நாளை அழுத்தியதும் 'இடமில்லை' என்று வருவதற்கு இது ஒரு காரணம். திரையில் தெரிந்தது சில நொடிகளுக்கு முந்தைய நிலை. உண்மையான கணக்கு அதற்குள் மாறிவிட்டது.

மூன்றாவது, பூட்டு. ஒரு நேரப் பிரிவில் மீதமுள்ள இடங்களின் எண்ணிக்கையை ஒருவர் குறைக்கும்போது, மற்றவர் அதே எண்ணைத் தொடாதபடி தரவுத்தளம் அதைப் பூட்டுகிறது. ஒரு பூட்டு 10 மில்லிநொடி நீடித்தால் அந்த எண்ணை நொடிக்கு 100 முறை மாற்றலாம். பயணி பணம் செலுத்தி முடிக்கும்வரை, அதாவது இரண்டு நிமிடம், பூட்டியே வைத்தால் அந்த இரண்டு நிமிடத்தில் ஒருவருக்கே விற்க முடியும். எனவே நல்ல வடிவமைப்பில், இடத்தை ஒதுக்கியவுடன் பூட்டு விடுவிக்கப்படும். பணம் செலுத்தத் தனியே சில நிமிடக் கெடு தரப்படும். கெடு தவறினால் அந்த இடம் பொதுக் கணக்குக்குத் திரும்பும்.

இவை அனைத்தும் செய்த பின்னும் கூட்டம் மிகுந்தால், கூட்டத்தையே ஒழுங்குபடுத்த வேண்டும். இதற்குத் திருமலையே முன்மாதிரி. வைகுண்டம் வரிசை வளாகத்தின் அறைகளில் பக்தர்கள் அமர்ந்திருக்க, அறை அறையாகவே உள்ளே விடப்படுகின்றனர். இணையத்தில் 'மெய்நிகர் வரிசை' என்பது இதே ஏற்பாடுதான். வந்தவருக்கு வரிசையில் ஓரிடம் தந்து, தரவுத்தளம் தாங்கும் அளவுக்கே ஆட்களை உள்ளே அனுப்புகிறது. அந்த நிலையில் பக்கத்தைப் புதுப்பிப்பது, எழுந்து வெளியே போய் வரிசையின் கடைசியில் நிற்பதற்கு ஒப்பாகலாம்.

இயந்திரத்தைக் காட்டிலும் விதியை மாற்றுவது சில வேளைகளில் பெரும்பயன் தரும். சுப்ரபாதம், தோமாலை, அர்ச்சனை போன்ற ஆர்ஜித சேவைகளுக்குத் தேவஸ்தானம் மின்னணுக் குலுக்கல் முறையைக் கையாள்கிறது. பதிவுசெய்ய நாள்கணக்கில் அவகாசம் இருப்பதால் முதல் நொடியில் முந்துவோருக்குத் தனி நன்மை இல்லை; நெரிசலுக்கான காரணமே மறைந்துவிடுகிறது. இந்திய இரயில்வேயும் 2015 முதல் தட்கல் முன்பதிவைக் குளிர்சாதன வகுப்புகளுக்குக் காலை 10 மணி, ஏனையவற்றுக்கு 11 மணி எனப் பிரித்தது. சுமை இரண்டாகப் பகிரப்பட்டது.

இது வெறும் வசதிக் கணக்கு அன்று. 2025 ஜனவரி 8 அன்று வைகுண்ட ஏகாதசி டோக்கன்களுக்காகத் திருப்பதியில் திரண்ட கூட்டத்தில் ஏற்பட்ட நெரிசலில் ஆறு பேர் உயிரிழந்தனர். நன்றாக இயங்கும் ஓர் இணையதளம், தெருவில் நிற்க வேண்டிய வரிசையை வீட்டுக்குள்ளேயே முடித்துவைக்கக்கூடியது.

இனி, வாடிக்கையாளர் அறிய வேண்டியது. பணம் கழிக்கப்படுவது வங்கியின் கணினியில்; சீட்டு பதிவாவது தளத்தின் கணினியில். இடையில் உறுதிச் செய்தி தவறினால் ஒன்று நடந்து மற்றொன்று நடவாமல் போகும். கார்டு அல்லது யுபிஐ வழியே பணம் கழிந்து, உறுதிச் செய்தி விற்பனையாளரைச் சேராவிட்டால், பரிவர்த்தனை நாளிலிருந்து ஐந்து நாள்களுக்குள் தொகை தானாகத் திரும்ப வேண்டும் என்பது இந்திய ரிசர்வ் வங்கி 2019 செப்டம்பர் 20 அன்று வெளியிட்ட சுற்றறிக்கையின் விதி. தாமதமானால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு உண்டு. அதைக் கேட்காமலேயே கணக்கில் வரவு வைக்க வேண்டும். பணம் விற்பனையாளரைச் சேர்ந்தும் சீட்டு வராவிட்டால், தொகையைத் திருப்பித் தரவேண்டியவர் விற்பனையாளரே. இரண்டில் எது நிகழ்ந்தது என்பதைப் பரிவர்த்தனை எண்ணைக் கொண்டு அறியலாம். ஆகவே அந்த எண்ணைக் குறித்துவைத்துக்கொள்க. முன்பதிவு வரலாற்றைப் பார்க்காமல் உடனே மறுமுறை பணம் செலுத்துவதைத் தவிர்க்க.

தளம் மெதுவாக இருக்கும் நேரம் மோசடிக்காரர்களுக்கும் ஏற்ற நேரம். போலித் தளங்களைக் குறித்துத் தேவஸ்தானம் பலமுறை எச்சரித்துள்ளது. அதிகாரபூர்வ முகவரி ஆந்திர அரசின் 'ஏபி.கவ்.இன்' என்ற ஈற்றைக் கொண்டது. தேடுபொறியில் முதலில் தோன்றும் இணைப்பை நம்பாமல், முகவரியின் ஈற்றைப் படித்த பின்னரே ஓடிபி எண்ணை உள்ளிடுக.