விண்மீனுக்கு ஊதா வளையம் எப்படி வந்தது?

குட்டீஸ்! தை மாதத்தில் ஒரு ராத்திரி, சிங்கப்பெருமாள் கோவிலில் எங்கள் வீட்டு மொட்டைமாடி. வடமேற்கே ஒரகடம் பக்கம் தொழிற்சாலை விளக்குகளால் வானமே வெளுத்துக் கிடந்தது. தெற்கே கொஞ்சம் இருட்டு. ஏழாம் வகுப்பு படிக்கும் என் பேரன் கேமராவை ஸ்டாண்டில் மாட்டி சிரியஸ் விண்மீனைப் படம் எடுத்தான். பெரிதாக்கிப் பார்த்ததும் குதித்தான்.

"தாத்தா! இதைச் சுத்தி ஊதா வளையம் இருக்கு! பள்ளிக் கண்காட்சிக்கு 'ஊதா விண்மீன்'னு சார்ட் எழுதிடட்டுமா?"

"அவசரப்படாதே. அகத்தியர் விண்மீனையும் எடு" என்றேன். தெற்கே தாழ்வாக மின்னுமே, அதுதான். எடுத்தான். அதற்கும் அதே வளையம்! இரண்டு விண்மீனுக்கும் ஒரே மாதிரி வளையம் என்றால், குற்றவாளி வானத்தில் இல்லை. நம் கையில் இருக்கிறது.

குற்றவாளி யார் தெரியுமா? லென்ஸ்தான்! முப்பட்டகத்தில் வெள்ளை ஒளி ஏழு நிறமாகப் பிரியும் என்று படித்திருப்பீர்களே. லென்ஸும் கண்ணாடிதானே? நீல ஒளியை அதிகமாக வளைக்கும், சிவப்பைக் குறைவாக வளைக்கும். அதனால் எல்லா நிறமும் ஒரே இடத்தில் குவியாது. பச்சை ஒளி கச்சிதமாகக் குவியும்போது நீலமும் சிவப்பும் மங்கலாகச் சுற்றிலும் பரவும். இரண்டும் கலந்தால்? ஊதா!

இந்தத் தொல்லை நியூட்டனையும் படுத்தியது. லென்ஸே வேண்டாம் என்று 1668இல் குழியாடி வைத்துத் தொலைநோக்கி செய்தார். ஆடியில் எல்லா நிறமும் ஒரே கோணத்தில்தான் திரும்பும். நம் ஜவ்வாது மலையில், காவலூர் வைணு பாப்பு வானாய்வகத்தில் 1986இல் திறக்கப்பட்ட பெரிய தொலைநோக்கியும் ஆடி வகைதான். ஆடியின் விட்டம் 2.34 மீட்டர். நம் வீட்டு வாசல்கதவைவிட அகலம்!

அதற்காகக் கேமராவைத் தூக்கிப் போட முடியுமா? லென்ஸ் துளையின் எண்ணை 2.8இலிருந்து 5.6க்கு மாற்றச் சொன்னேன். துளை சிறுத்தால், அதிகம் பிசகும் ஓரத்து ஒளி உள்ளே வராது. ஆனால் ஒளி கால் பங்காகிவிடும். அதனால் 2 விநாடிக்குப் பதில் 8 விநாடி திறந்து வைத்தான். ஃபோகஸ் வளையத்தையும் ஒரு மயிரிழை திருப்பித் திருப்பி நாலைந்து படம் எடுத்தான். ஒன்றில் வளையம் ஏறக்குறைய காணோம்!

தொலைநோக்கி வைத்திருக்கும் குட்டீஸுக்கு ஒரு விஷயம். அடிவானத்து விண்மீனுக்கு ஒரு ஓரம் நீலமும் எதிர் ஓரம் சிவப்புமாகத் தெரிந்தால், அது காற்றின் சேட்டை. விண்மீன் உயரே ஏறும்வரை காத்திருங்கள்.

கடைசியில் பேரன் திருவாதிரையை எடுத்தான். ஆரஞ்சு நிறம். "இதையும் சரி பண்ணணுமா தாத்தா?" என்று மறுபடி ஃபோகஸைத் திருப்பப் போனான். கையைப் பிடித்துக்கொண்டேன். அது லென்ஸ் பூசிய நிறமல்ல, அந்த விண்மீனின் சொந்த நிறம். 'ஊதா விண்மீன்' சார்ட்டைக் கிழித்துவிட்டு, இப்போது திருவாதிரை படத்தைத்தான் ஒட்டியிருக்கிறான்.