முள்முடிக்காக எழுந்த ஆலயம்

ஒன்பதாம் வகுப்பில் இடைக்கால ஐரோப்பா பற்றிய பாடத்தை நடத்தும்போது, திருப்பண்டங்களைப் பற்றியும் நான் சேர்த்துச் சொல்வதுண்டு. இயேசுவோடும் புனிதர்களோடும் தொடர்புடையவை என நம்பப்பட்ட எலும்பு, ஆடை, மரத்துண்டு போன்றவையே திருப்பண்டங்கள். பொன்னும் மணியும் பதித்த பேழைகளில் அவற்றை வைத்து மக்கள் வணக்கம் செலுத்தினர். நோய் நீங்க வேண்டியும் நேர்ச்சையை நிறைவேற்றவும் நெடுந்தொலைவு நடந்து வந்தனர்.

இதை விளக்கப் பாரிஸ் நகரின் சேன்ட் ஷப்பல் ஆலயம் ஒன்றே போதும். 1204இல் நான்காம் சிலுவைப் போர் வீரர்கள் கான்ஸ்டாண்டிநோபிளைக் கைப்பற்றித் தங்கள் ஆட்சியை நிறுவினர். காலப்போக்கில் அந்த அரசு கடனில் மூழ்கியது. இயேசுவின் தலையில் சூட்டப்பட்டதாக நம்பப்பட்ட முள்முடியே வெனிஸ் வணிகர்களிடம் அடகு போனது. பிரான்சு மன்னர் ஒன்பதாம் லூயி கடனை அடைத்து அதை மீட்டார். 1239இல் முடி பிரான்சு வந்தபோது, மன்னரே வெறுங்காலுடன் அதைச் சுமந்து நடந்தார்.

முடியையும் பிற திருப்பண்டங்களையும் வைக்க அரண்மனை வளாகத்தில் எழுப்பிய ஆலயம் 1248இல் அர்ச்சிக்கப்பட்டது. அதன் 15 பெரிய வண்ணக் கண்ணாடிச் சாளரங்களில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட காட்சிகள் உள்ளன. உள்ளே நிற்பவருக்கு ஆலயமே ஒரு பெரிய பேழையாகத் தோன்றும். திருப்பண்டங்களைப் பெற 1,35,000 லிவர் செலவானது என்றும், கட்டடத்துக்கு ஏறத்தாழ 40,000 லிவரே ஆனது என்றும் வரலாற்றாசிரியர்கள் குறிப்பிடுகின்றனர். இந்த இரு எண்களையும் கரும்பலகையில் எழுதினாலே வகுப்பில் கேள்விகள் பிறக்கும்.

“அது உண்மையான முடிதானா?” என்பதே முதல் கேள்வியாக இருக்கும். பல சமயப் பிள்ளைகள் சேர்ந்து அமரும் வகுப்பில் இதற்குத் தீர்ப்புச் சொல்வது நம் பணியன்று என்பது என் கருத்து. கேலியும் கூடாது, போதனையும் கூடாது. அது உண்மையா என்பதை வரலாற்றால் மெய்ப்பிக்க இயலாது. ஆனால், அந்த நம்பிக்கையால் பணம் எங்கே சென்றது, யார் மதிப்புப் பெற்றார், என்ன கட்டப்பட்டது என்பவற்றை வரலாறு காட்டும். கேள்வியை அப்பக்கம் திருப்பினால், எவர் மனமும் புண்படாமல் பாடம் ஆழமாகும்.

பிரெஞ்சுப் புரட்சியின்போது பொற்பேழை உருக்கப்பட்டது. முடியோ தப்பியது. 1806 முதல் அது நோத்ர தாம் பேராலயத்தின் பொறுப்பில் உள்ளது. 2019இல் அங்குத் தீப்பற்றியபோதும் அதை மீட்டெடுத்தனர். “விலைமதிப்புள்ள பொன் உருகியது, காய்ந்த தண்டு காக்கப்பட்டது. ஏன்?” என்று மாணவர்களைக் குழுக்களாகப் பேசவிடுங்கள். பொருளின் விலையும் மதிப்பும் வேறு வேறு என்பதை அவர்களே கண்டுகொள்வார்கள்.