புள்ளி மறைந்தால் நோய் போய்விட்டதா?

பெரம்பலூர் மாவட்டத்துக் காரையின் செம்மண் ஓடைகளில் சுறாப் பற்கள் கிடைக்கின்றன. ஏறத்தாழ 10 கோடி ஆண்டுகளுக்கு முன் அங்கே கடல் இருந்தது. இன்று பெரம்பலூரிலோ அரியலூரிலோ கடல்மீன் வளர்க்க, உப்புக் கலவையை லிட்டருக்குச் சுமார் 35 கிராம் கரைக்க வேண்டும். பாலித்தீன் பையில் பயணம் செய்து களைத்து வரும் மீனை நோய் எளிதில் பற்றும்.

ஏதேனும் மாறுதல் தெரிந்தால் மீனின் இரு பக்கமும் பாருங்கள். ஒரு கண் மட்டும் வீங்கினால் பெரும்பாலும் அடிபட்டிருக்கும். பாறையில் உரசியிருக்கும் அல்லது வலை கீறியிருக்கும். இரண்டும் பிதுங்கினால் தண்ணீரையோ உள்நோயையோ சந்தேகிக்கலாம்.

கோமாளி மீன்மேல் உப்புத் தூவியதுபோல் புள்ளிகள் தெரிந்தால் அது கிரிப்டோகேரியான் ஒட்டுண்ணியாக இருக்கலாம். தோலுக்கடியில் தின்று வளர்ந்து, சில நாளில் உதிர்ந்துவிடும். “புள்ளி போச்சு, சரியாயிடுச்சு” என்று கடைக்காரர் சொல்வது இந்தக் கட்டத்தில்தான். உதிர்ந்தது தொட்டியடியில் கூடு கட்டி, நூற்றுக்கணக்கான குஞ்சுகளை நீரில் விடும். தாமிர மருந்து நீந்தும் அந்தக் குஞ்சுகளை மட்டுமே கொல்லும். அதனால்தான் வாரக்கணக்கில் சிகிச்சை. அதுவும் தனித் தொட்டியில்: இறாலையும் பவளத்தையும் தாமிரம் கொன்றுவிடும். அரியலூர் சிமெண்ட் ஆலைகளுக்குப் போகிற சுண்ணாம்புக்கல்லைத் தொட்டியில் போட்டால், அது மருந்தை உறிஞ்சிக்கொள்ளும்.

அமைலூடினியம் என்ற ஒட்டுண்ணி இன்னும் மோசம். மெல்லிய பொன்னிறப் பொடியாகத் தெரியும். பல சமயம் அதற்கும் முன்பே செவுளைப் பிடித்துவிடும். புள்ளியே இல்லாத மீன் வேகவேகமாக மூச்சுவிட்டால் மறுநாள்வரை காத்திருக்கக் கூடாது.