ரோட்டானை அளக்கும் முறை

திரவ ஹீலியத்தை 2.17 கெல்வினுக்குக் கீழே குளிர்வித்தால் அது பாகுத்தன்மையின்றிப் பாயும் மீபாய்மமாகிறது. அதனுள் எழும் கிளர்வுகளின் ஆற்றல், உந்தத்தைப் பொறுத்து எப்படி மாறும் என்பதை இயற்பியலாளர் லாந்தாவ் 1947இல் ஒரு வளைகோடாக முன்வைத்தார். அக்கோட்டின் பள்ளத்தில் அமையும் கிளர்வே ரோட்டான். நியூட்ரான்களைச் சிதறவைத்து அக்கோட்டை நேரடியாக அளக்கலாம் என்று 1957இல் கோஹனும் ஃபைன்மனும் காட்டினர். இன்று அந்த அளவீட்டைச் செய்யத் தகுந்த இடங்களில் ஒன்று, பிரான்சின் கிரனோபிள் நகரிலுள்ள லாவே-லாஞ்சவன் நிறுவனத்தின் ஐஎன்5 கருவி.

வேலை கலத்தில் தொடங்குகிறது. ஹீலியத்தை அடைக்கும் உருளைக் கலம் அலுமினியக் கலப்புலோகத்தால் ஆனது. அது நியூட்ரான்களை அதிகம் விழுங்குவதில்லை, அதிகம் சிதறடிப்பதுமில்லை. கலத்தினுள் இடைவெளி விட்டுக் காட்மியத் தட்டுகளை அடுக்குகிறார்கள். ஒருமுறை சிதறிய நியூட்ரான் கலத்தின் நெடுக்கில் ஓடி மறுமுறை சிதறினால் கணக்கு குழம்பிவிடும். அப்படித் திரும்புவதைக் காட்மியம் விழுங்கிவிடுகிறது.

அடுத்தது வாயு. ஹீலியம்-4 நியூட்ரானை விழுங்குவதே இல்லை. ஹீலியம்-3 பெரும்பசியுடன் விழுங்கும். அது நூறில் ஒரு பங்கு கலந்தாலும் நியூட்ரான் கற்றையின் பெரும்பகுதி கலத்துக்குள்ளேயே தொலைந்துவிடும். ஆகவே தூய ஹீலியம்-4ஐ, திரவ நைட்ரஜனில் அமிழ்த்திய கரிப்பொறி வழியாகச் செலுத்திக் காற்றின் மிச்சத்தையும் அகற்றி, நுண்குழாய் மூலம் கலத்தில் நிரப்புகிறார்கள்.

பிறகு குளிர்விப்பு. இரண்டு ஹீலியம் ஐசோடோப்புகளின் கலவையைக் கொண்டு இயங்கும் குளிர்விப்பான், கலத்தை 0.1 கெல்வினுக்கும் கீழே கொண்டுசெல்கிறது. அந்த வெப்பநிலையில் வெப்பத்தால் தானே எழும் கிளர்வுகள் ஏறத்தாழ இல்லை. நியூட்ரான் எழுப்பும் கிளர்வு வேறெதனுடனும் மோதாமல், கூரிய ஆற்றலுடன் நிற்கும்.

இனிக் கற்றை. 58 மெகாவாட் அணுஉலையிலிருந்து வரும் நியூட்ரான்கள் திரவ டியூட்டீரியத்தில் மோதி வேகம் குறைகின்றன. வெற்றிடத்தில் சுழலும் பிளவுத் தட்டுகள், அதாவது சாப்பர்கள், அவற்றைத் துடிப்புகளாக நறுக்குகின்றன. முதல் இணை புறப்படும் நேரத்தைக் குறிக்கிறது. இறுதி இணை ஒரே வேகத்தில் வருவனவற்றை மட்டும் விடுகிறது. இடையிலுள்ளவை வழிதவறியவற்றை நீக்குகின்றன. இத்தட்டுகள் ஒன்றோடொன்று இசைந்து சுழலும் துல்லியமே இக்கருவியின் சிறப்பு. அலைநீளம் 5 ஆங்ஸ்ட்ராம் என வைத்தால், வேகம் நொடிக்கு 791 மீட்டர், ஆற்றல் 3.27 மில்லி எலக்ட்ரான் வோல்ட்.

கலத்திலிருந்து 4 மீட்டர் தொலைவில், 3 மீட்டர் உயரக் குழாய்கள் வளைசுவராக நிற்கின்றன. அவற்றை நிரப்பியிருப்பது ஹீலியம்-3. கலத்துக்குள் ஆகாத அதே பசி இங்கே உணர்கருவியாகிறது.

ஆற்றல் இழக்காத நியூட்ரான் அந்த 4 மீட்டரை 5.06 மில்லி நொடியில் கடக்கும். ஒரு ரோட்டானை எழுப்பிய நியூட்ரான் 0.74 மில்லி எலக்ட்ரான் வோல்ட்டை இழந்து, 5.75 மில்லி நொடியில் வந்துசேரும். வந்த நேரம் ஆற்றல் இழப்பைத் தருகிறது. விழுந்த இடம் கோணத்தைத் தருகிறது. இங்கே அது ஏறத்தாழ 109 டிகிரி. இரண்டையும் சேர்த்தால் உந்தமும் கிடைத்துவிடும்: அலைஎண்ணாகச் சொன்னால், ஆங்ஸ்ட்ராமுக்கு 1.92.

இதே நேரத்தில் மற்றக் கோணங்களிலும் பதிவு நடப்பதால், கோடு முழுவதும் ஒருங்கே வளர்கிறது. வெற்றுக் கலத்தைத் தனியே அளந்து அலுமினியத்தின் பங்கைக் கழிக்கிறார்கள். எல்லாத் திசைகளிலும் ஏறத்தாழ ஒரே சீராகச் சிதறடிக்கும் வனேடியத்தை வைத்துக் குழாய்களின் திறனைச் சமன்செய்கிறார்கள். கழித்தும் சமன்செய்தும் முடிந்த வரைபடத்தில், சிற்றுந்தத்தில் நொடிக்கு 238 மீட்டர் என்னும் ஒலிவேகச் சாய்வுடன், ஒலிக்கிளர்வான ஃபோனானின் பகுதி எழுகிறது. அலைஎண் 1.1 அருகே அது உச்சம் தொட்டு, 1.92இல் ரோட்டான் பள்ளத்துக்கு இறங்கி, மறுபடி ஏறி, ரோட்டான் ஆற்றலின் இருமடங்கை நெருங்கியதும் தட்டையாகிறது.

அதன்பின் அதே கலத்தில் அழுத்தத்தை உயர்த்துகிறார்கள். ஏறத்தாழ 25 பாரில் ஹீலியம் உறைந்துவிடும் என்பதால் 24 பாரில் நிறுத்தி, அளவீட்டைத் திரும்ப எடுக்கிறார்கள். பள்ளம் 0.62 மில்லி எலக்ட்ரான் வோல்ட்டாகத் தாழ்ந்து, அலைஎண் 2.05 அருகே நகர்ந்திருக்கும்.